சட்டம் போட்டு மாட்டிய கடிதம்

1912-ஆம் வருஷம் ஜூலை மாதம் தெக்லா நூரேன் விடுமுறைக்கு வீட்டுக்கு வந்தபோது, வரவேற்பறைச் சுவரில் லூத்தர் படத்துக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு சட்டம் தொங்கியது. வாதுமை மரத்தில் இழைத்த சட்டம், அதற்குக் கண்ணாடி, மேலே அம்மா செருகிவைத்த கோதுமைக் கதிர் இரண்டு. உள்ளே ஒரு கடிதம். கடிதத்தின் தலையில் கன்சாஸ் மாநில முத்திரை. தெக்லா தொப்பியைக் கூடக் கழற்றாமல் கிட்டே போய் முதல் வரியைப் படித்தாள். தூக்கிவாரிப் போட்டது. கையிலிருந்த பை தரையில் விழுந்தது.

அவளே தட்டச்சு செய்த கடிதம் அது. மே மாதத்தில், மாநிலத் தலைநகர் தொபீகாவில், வங்கி ஆணையர் அலுவலகத்தில் அடித்தது. ‘சமவெளிக் கேடயம் ஆலங்கட்டிக் காப்பீட்டுக் கம்பெனி’யின் பங்குகளை இந்த மாநிலத்துக்குள் விற்கக் கூடாது என்று சொல்லும் கடிதம். விற்கலாம் என்று அல்ல, கூடாது என்று! கம்பெனிக்கு முதலும் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது. தலைமை அலுவலகம் என்று கொடுத்த விலாசத்தில் போய்ப் பார்த்தால், முடிதிருத்தும் கடைக்கு மேலே ஒரு வாடகை அறையும் காலிப் பெட்டி ஒன்றும் இருந்தன. அப்படிப்பட்ட மறுப்புக் கடிதத்தைக் கல்யாணப் படம் மாதிரி மாட்டி வைத்திருந்தார்கள்.

“பாத்துட்டியா?” என்று பின்னாலிருந்து அப்பா யெர்க்கர் சிரித்தார். அறுவடை முடிந்த களைப்பிலும் முகம் பளபளவென்றிருந்தது. “கீழே இடது மூலையைப் பாரு. டி. என்.! என் மகள் பேரு! மாநில முத்திரை மேலே, என் மகள் கீழே. காஃபி குடிக்க வர்றவங்க எல்லாருக்கும் காட்டறேன்.”

“அப்பா, இது எப்படி இங்க வந்தது?”

“ஏன் குரல் இப்படி நடுங்குது? உக்காரு முதல்ல. பிரிட்டா, பொண்ணுக்குக் காஃபி ஊத்து!”

தெக்லா உட்காரவில்லை.

அவள் பியோர்க்தால் சபையில் ஞானஸ்நானம் பெற்றவள். நாங்கள் எல்லாரும் தூக்கி வளர்த்த பிள்ளை. பதினெட்டு வயதில் சலைனா ஊருக்குப் போய் வணிகக் கல்லூரியில் தட்டச்சும் சுருக்கெழுத்தும் படித்தாள். பெண்பிள்ளைக்கு எதற்கு இந்த வேலையெல்லாம் என்று ஊரில் முணுமுணுத்தவர்கள் உண்டு. இருபத்து மூன்று வயதில் தொபீகாவில் அரசாங்க வேலை கிடைத்ததும் அதே வாய்கள் ‘எங்க தெக்லா’ என்று பேச ஆரம்பித்தன. வேலையில் சேர்ந்த வாரமே அவள் வீட்டுக்கு, நாங்கள் கடல் கடந்து கொண்டுவந்த எங்கள் பாஷையில், எழுதினாள்: ‘இங்கிருந்து போகும் ஒவ்வொரு கடிதத்திலும், சொன்னவர் பெயரின் முதலெழுத்துகளுக்குப் பக்கத்தில் அடித்தவள் பெயரின் முதலெழுத்துகளும் இருக்கும். அதனால் கன்சாஸ் முழுவதும் என் பெயர் போகிறது.’ இதை யெர்க்கர் சபை வாசலில் நின்று எத்தனை தடவை வாசித்துக் காட்டினார் என்று கணக்கே இல்லை.

அந்த அலுவலகத்துக்கு அப்போது வந்திருந்த வேலை புதுசு. இன்ஷூரன்ஸ் கம்பெனிகளைக் கேட்க நாற்பது வருஷமாக ஒரு கண்காணிப்பாளர் இருந்தார். வங்கியைக் கேட்கவும் ஆள் இருந்தார். பங்கு விற்கிறவனைக் கேட்கத்தான் நாதியில்லை. பை நிறைய வண்ணக் காகிதத்தோடு ரயிலில் வந்து இறங்குவான். இல்லாத சுரங்கத்தையும், எங்கேயோ ஒரு வாழைத் தோட்டத்தையும், கண்ணுக்கு எட்டாத எண்ணெய்க் கிணற்றையும் விற்றுவிட்டு அடுத்த ரயிலில் ஏறிவிடுவான். தலைக்கு மேலே தெரியும் நீல வானத்தைக் கூடப் பங்கு போட்டு விற்றுவிடுவார்கள் என்று வயிறெரிந்து, 1911-இல் மாநிலம் ஒரு சட்டம் கொண்டுவந்தது. நீல வானச் சட்டம் என்றே அதற்குப் பெயர் நின்றுவிட்டது. பங்கு விற்க வேண்டுமானால் முதலில் கணக்கைத் தொபீகாவில் காட்டி அனுமதி வாங்க வேண்டும். வந்த விண்ணப்பங்களில் பெரும்பாலானவை தேறவில்லை. தெக்லா நாள் முழுக்க மறுப்பு மறுப்பாக அடித்துத் தள்ளினாள். இனிமேல் ஒரு ஏழையையும் ஒருத்தனும் ஏமாற்ற முடியாது என்று மனதார நம்பினாள், பாவம்.

காஃபி வந்தது. யெர்க்கர் சீனிக் கட்டியைப் பல்லிடுக்கில் வைத்துக்கொண்டு கதையைச் சொன்னார். ஜூன் இரண்டாம் ஞாயிறு. பாஸ்டர் பெரிய சபைக் கூட்டத்துக்கு வெளியூர் போயிருந்தார். ஆராதனைக்கு ஒரு புது ஆள் வந்திருந்தான். வால்ஃப்ரிட் ஸ்ட்ராண்ட், நம் பாஷை பேசுகிற பையன், நல்ல குரல், எல்லாப் பாட்டும் மனப்பாடம்.

“ஆராதனை முடிஞ்சு காஃபி குடிக்கறப்ப ஆலங்கட்டியைப் பத்திப் பேச்சு வந்தது. உன் காய்சா அத்தை வயல்தான் மே மாசம் அடிபட்டுத் தரைமட்டமாக் கிடந்துச்சே. அவன் பையைத் திறந்தான். பங்கு வாங்கினா உங்க கோதுமைக்கு நீங்களே முதலாளியா இருந்து காப்பீடு குடுத்துக்கலாம்னான். நான் ஒண்ணும் இளிச்சவாயன் இல்ல தெக்லா. ‘தொபீகால சட்டம் இருக்கே தம்பி, தெரியுமா?’ன்னு கேட்டேன்.”

“அதுக்கு?”

“சிரிச்சான். இந்தக் கடிதத்தை எடுத்து மேசைமேல வெச்சான். ‘எங்க கம்பெனியைப் பத்தித் தொபீகாலேர்ந்து எழுதின கடிதம் இது’ன்னான். நான் பாத்தேன். டி. என்.! எனக்கு அழுகையே வந்துடுச்சு. இதை எனக்குக் குடுத்துடு தம்பின்னு கேட்டு வாங்கிட்டேன். கொஞ்சம் தயங்கினான். அத்தனை பேர் பாத்துட்டிருக்கறப்ப எப்படி மாட்டேம்பான்?”

“யாருமே படிக்கலையா?”

“படிக்காம என்ன? நான் படிச்சேன்.”

இங்கிலீஷ் படிக்கத் தெரிந்த இளவட்டங்கள் அன்றைக்கு வெளியே பந்து ஆடிக்கொண்டிருந்தார்கள். மறுவாரம் அறுவடை. அதற்குப் பிறகு கடிதம் கண்ணாடிக்குள் போய்விட்டது. கண்ணாடிக்குள் போன எழுத்தை எவன் படிக்கிறான்? பள்ளிக்கூட டீச்சரே அதன் கீழே உட்கார்ந்து இரண்டு கோப்பை காஃபி குடித்துவிட்டு, ‘அழகா இருக்கு’ என்று சொல்லிவிட்டுப் போனாளாம்.

தெக்லா சட்டத்தை ஆணியிலிருந்து இறக்கினாள். வரிவரியாக நம் பாஷையில் சொல்லிக்கொண்டே போனாள். அப்பாவின் முகத்திலிருந்து சிரிப்பு இறங்கவே மாட்டேன் என்றது. அதைப் பார்க்கத்தான் அவளால் முடியவில்லை.

“விளையாடாத,” என்றார் யெர்க்கர்.

“விளையாட்டு இல்லப்பா. விற்கக் கூடாதுன்னு எழுதியிருக்கு. நான்தான் அடிச்சேன்.”

“நீயே அடிச்சுட்டு நீயே கூடாதுங்கிறியா?”

“கூடாதுன்னுதான் அடிச்சேன்!”

சீனிக் கட்டி அவர் வாயிலிருந்து கோப்பைக்குள் விழுந்தது.

“எத்தனை பேர் வாங்கினாங்க?” என்று தெக்லா கேட்டாள்.

“பத்தொன்பது வீடு. நம்ம வீட்டையும் சேத்து.” கோப்பையைத் தள்ளி வைத்தார். “சிலர் யோசிச்சாங்க. நான்தான் வண்டியைக் கட்டிட்டு வீடு வீடாப் போய்க் காட்டினேன். காய்சா வீட்டுக்கு ரெண்டு தடவை போனேன்.”

காய்சா ஃபெர்ம் விதவை. பயிர் போன வருஷத்தில், கையில் மிச்சமிருந்ததையும் போட்டிருந்தாள்.

அடுத்து நடந்ததை நினைத்தால் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. யெர்க்கர் திடீரென்று எழுந்து சட்டத்தைப் பிடுங்கிக்கொண்டு சமையலறைக்கு ஓடினார். அடுப்பில் போட்டுவிடத்தான். வெளியே தெரிந்தால் மானம் போய்விடுமே! தெக்லா பின்னாலேயே ஓடினாள். அந்தக் காகிதம் ஸ்ட்ராண்டின் பையிலிருந்து வந்தது என்பதுதான் கையிலிருந்த ஒரே ஆதாரம். தடுக்கப்பட்டது என்று தெரிந்தே விற்றான் என்பதற்குச் சாட்சி வேறு எதுவும் இல்லை. ரொட்டி சுட்டுக்கொண்டிருந்த பிரிட்டா மாவுக் கையைத் துடைத்தாள். புருஷன் கையிலிருந்து அதை வாங்கினாள், நாற்காலியில் வைத்தாள், அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள். நல்ல கனமான உடம்பு அவளுக்கு. கண்ணாடி படாரென்று உடைந்தது.

“இப்ப எடுங்க பாக்கலாம்,” என்றாள்.

தெக்லா அந்தக் கடிதத்தை அரசு வக்கீலிடம் கொடுத்த ஒன்பதாம் நாள் ஸ்ட்ராண்ட் பிடிபட்டான். பக்கத்து மாவட்டத்தில் இன்னொரு சபையில், இன்னொரு காஃபி மேசையில். பையில் இன்னும் இரண்டு கடிதங்கள் இருந்தன, வெவ்வேறு மாநிலங்கள் எழுதியவை. இரண்டுமே மறுப்பு. எவ்வளவு நெஞ்சழுத்தம் பாருங்கள்! வேலி போட்டால், அந்த வேலியையே பிடுங்கி ஏணியாக வைத்து ஏறியிருக்கிறான்.

அரசு வக்கீல் தெக்லாவைத் தனியாகக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார். அனுமதியில்லாமல் விற்றதற்கு அபராதம் நிச்சயம். அதைக் கட்டிவிட்டுச் சிரித்துக்கொண்டே போய்விடுவான். பத்தொன்பது வீட்டுப் பணத்தைத் திரும்பப் பிடுங்க வேண்டுமானால், அவன் பொய் சொல்லி வாங்கினான் என்று நிரூபிக்க வேண்டும். ‘தொபீகா எங்களுக்கு அனுமதி கொடுத்திருக்கிறது’ என்று அவன் வாயால் சொன்னதாக ஒரு சாட்சி சொன்னால் போதும். அன்றைக்குக் கடிதத்தைக் கேட்டதும் வாங்கியதும் யெர்க்கர்தான். அதனால் அவர் வாயில்தான் எல்லாம் இருந்தது.

செப்டம்பரில் விசாரணை. அன்று காலை நீதிமன்றப் படிக்கட்டில் தெக்லா அப்பாவின் கோட்டுக் காலரைச் சரி செய்வது போல நெருங்கி நின்றாள்.

“அப்பா, அவன் அனுமதின்னு சொன்னான்னு சொல்லிடுங்க.”

யெர்க்கர் அவளை உற்றுப் பார்த்தார். “அவன் சொல்லலையேம்மா.”

“அவன் மனசுல அதுதானே இருந்தது? நீங்க அப்படி நினைக்கணும்னுதானே காட்டினான்? ஒரே ஒரு வார்த்தை. காய்சா அத்தையை நினைச்சுப் பாருங்க.”

“இதைச் சொல்றது தொபீகாவா, என் பொண்ணா?”

“உங்க பொண்ணு.”

சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. பொய்யைத் தடுக்கிற அலுவலகத்தில் சம்பளம் வாங்குகிறவள், சத்தியம் செய்துவிட்டுப் பொய் சொல்லுங்கள் என்று பெற்ற தகப்பனிடம் கெஞ்சிக்கொண்டு நிற்கிறாள். ஆனாலும் வார்த்தையைத் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. யெர்க்கர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு உள்ளே போனார். சொல்லிவிடுவார் என்றுதான் அவள் நினைத்தாள்.

மன்றம் நிறைந்திருந்தது. பத்தொன்பது வீடும் வந்திருந்தது. ஸ்ட்ராண்ட் சபைக்கு வந்தவன் மாதிரியே வெள்ளைச் சட்டையில் அடக்கமாக உட்கார்ந்திருந்தான். சாட்சிக் கூண்டில் ஏறிய யெர்க்கரிடம் அவனுடைய வக்கீல் மொழிபெயர்ப்பாளர் வழியாகக் கேட்டார்.

“இந்தக் கடிதத்தைக் காட்டும்போது என் கட்சிக்காரர் என்ன சொன்னாரு?”

“தொபீகாலேர்ந்து எழுதின கடிதம்னு சொன்னான்.”

“அது உண்மைதானே? வேற என்ன சொன்னாரு?”

யெர்க்கர் தொப்பியைக் கையில் சுற்றிக்கொண்டே இருந்தார். அரசு வக்கீல் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். முன் வரிசையில் காய்சா, கைப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். யெர்க்கர் அவளைப் பார்த்தார். அப்புறம் மகளைப் பார்த்தார்.

“வேற ஒண்ணும் சொல்லல.”

“அப்போ இது அனுமதிக் கடிதம்னு சபைல சொன்னது யாரு?”

“நான்.”

மன்றத்தில் ஒரு சத்தம் எழுந்து அடங்கியது. நீதிபதியே முன்னால் குனிந்து, “உங்களுக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியுமா?” என்று கேட்டார்.

“ஒரு வார்த்தை தெரியுங்க, ஐயா. இருபத்தாறு வருஷம் முன்னாடி சர்க்கார் எனக்கு நிலப் பட்டா குடுத்துச்சு. அதுல ‘கிராண்டெட்’னு போட்டிருந்தது. குடுத்தாச்சுன்னு அர்த்தம்னு ஆபீஸ்காரர் விரலை வெச்சுக் காட்டினாரு. அந்த வார்த்தையை நான் எங்க பாத்தாலும் கண்டுபிடிச்சுடுவேன். இந்தக் கடிதத்துலயும் அது இருந்தது. பாத்தேன். குடுத்தாச்சுன்னு எல்லார்கிட்டயும் சொன்னேன். முன்னாடி பின்னாடி என்ன இருந்ததுன்னு எனக்குத் தெரியாது. தெரியாதுன்னு சொல்ல வெக்கமா இருந்தது, ஐயா. எழுதினது என் மகளாச்சே.”

தெக்லாவின் தலையில் இடி விழுந்தது. அப்பா உண்மையைச் சொன்னது ஒரு பக்கம். அந்த வார்த்தை அங்கே எப்படி வந்தது என்று அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

முதல் மாதங்களில் அலுவலகத்தின் மறுப்புக் கடிதங்கள் மொட்டையாக இருந்தன. ‘மறுக்கப்பட்டது’, அவ்வளவுதான். அடிக்க அடிக்க அவளுக்கே முகத்தில் அறைகிற மாதிரி இருந்தது. தலைமை எழுத்தர் பிராக்டரிடம் போய், “கொஞ்சம் மரியாதையா எழுதலாமே சார். வணிகக் கல்லூரில அப்படித்தான் சொல்லிக் குடுத்தாங்க” என்றாள். அவர் சந்தோஷப்பட்டு அவளையே எழுதச் சொன்னார். ‘தாங்கள் கோரிய அனுமதி, கிடைத்த விவரங்களைக் கொண்டு பார்க்கையில், தற்சமயம் அளிக்கப்படக்கூடிய ஒன்றாக இல்லை என்பதைத் தெரிவித்துக்கொள்கிறோம்.’ இந்த வாக்கியத்துக்கு அவளுக்குப் பாராட்டு வேறு கிடைத்தது. அதில் ‘அளிக்கப்படக்கூடிய’ என்ற இடத்தில் அவள் போட்ட இங்கிலீஷ் வார்த்தைதான் கிராண்டெட்.

மோசடி வழக்கு அத்தோடு செத்தது. அனுமதியில்லாமல் விற்றதற்கு ஸ்ட்ராண்டுக்கு அபராதம் போட்டார்கள். அங்கேயே கட்டினான். போகும்போது யெர்க்கரைப் பார்த்துத் தொப்பியைத் தூக்கி வணக்கம் சொன்னான். அந்தக் கையை முறிக்க ஒருத்தரும் இல்லாமல் போனோமே!

வெளியே எல்ம் மரத்தடியில் வண்டிகள் நின்றன. ஒருத்தரும் ஏறவில்லை. யெர்க்கர் வெறும் தலையோடு அவர்கள் முன்னால் போய் நின்றார்.

“உங்க எல்லார்கிட்டயும் பொய் சொல்லிட்டேன்,” என்றார். “படிச்சேன்னு சொன்னேன். எனக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது.”

காய்சாதான் வாயைத் திறந்தாள். “யெர்க்கர், உனக்கு இங்கிலீஷ் தெரியாதுன்னு எங்களுக்குத் தெரியாதா? முப்பது வருஷமா உன்னைப் பாக்கறோம். விதைப் பொட்டலத்து மேல எழுதியிருக்கறதுக்கே என் வீட்டுக்கு ஓடி வருவ, நானும் தெரியாம முழிப்பேன்.”

யெர்க்கர் நிமிர்ந்தார். “அப்புறம் ஏன் பணம் போட்டீங்க?”

“உன்னை நம்பியா போட்டோம்? இவளை நம்பிப் போட்டோம்.” காய்சாவின் விரல் தெக்லாவை நோக்கி நீண்டது. “ஆகாத கம்பெனியா இருந்தா நம்ம பொண்ணு சொல்லாம இருப்பாளான்னு நினைச்சோம்.”

“நான் சொன்னேன் அத்தை!” தெக்லா அழுதேவிட்டாள். “கூடாதுன்னுதான் அந்தக் கடிதத்துல எழுதியிருக்கேன்!”

“எங்க எழுதியிருக்க?” காய்சா இப்போதுதான் குரலை உயர்த்தினாள். “அந்தக் காகிதத்துல எங்கடி இருக்கு கூடாதுன்னு? கோர்ட்டுல வாசிச்சாங்களே, நானும் கேட்டேன். அவ்வளவு நீளம்! ‘நோ’ன்னு ரெண்டு எழுத்து போட்டிருந்தா, எங்க மாட்டுக்குக் கூடப் புரிஞ்சிருக்குமே! எங்களுக்குப் புரியக் கூடாதுன்னா எழுதின?”

அந்த வாக்கியத்தை யார் எழுதியது என்று தெக்லா அதுவரை சொல்லவில்லை. சொன்னாள். அங்கேயே, எல்லார் முன்னாலும், மரியாதைக்காக நான்தான் மாற்றினேன் என்று சொன்னாள். ஒருத்தரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. ஒவ்வொருவராக வண்டியில் ஏறிக்கொண்டார்கள். காய்சா மட்டும் ஏறுவதற்கு முன் திரும்பி, “யாருக்கு மரியாதை, தெக்லா?” என்று கேட்டாள்.

திங்கட்கிழமை அவள் தொபீகாவில் மேசைக்குத் திரும்பினாள். அன்றைக்கு அடிக்க வேண்டிய மறுப்பு ஆறு. மதியம் பிராக்டர் முதல் கடிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நின்றார். தாளின் நடுவே, பெரிய எழுத்தில், ‘நோ’ என்று இருந்தது. அதன் கீழே ‘விற்கக் கூடாது’. வேறு எதுவும் இல்லை.

“இது ரொம்ப முரட்டுத்தனமா இருக்கே, மிஸ் நூரேன்?”

“ஆமா சார்.”

“மாத்தி அடிச்சுக் குடுங்க.”

பத்து மாதம் முன்னால் இதே மனிதரிடம்தான் மரியாதை வேண்டும் என்று கேட்டாள். தெக்லா எழுந்து நின்றாள். “மாட்டேன் சார்,” என்றாள். வேலை போனாலும் போகட்டும் என்று நினைத்தாள். நடந்த எல்லாவற்றையும், பத்தொன்பது வீட்டின் பெயரையும் ஒவ்வொன்றாகச் சொல்லி, ஒன்றையும் விடாமல் சொன்னாள்.

பிராக்டர் தாளை மறுபடி ஒரு தடவை படித்தார். பிறகு பேனாவை எடுத்து, அதில் கையெழுத்துப் போட்டார்.